ஓக்லாந்திலிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்?

புலம்பெயர்ந்த குடும்பங்களிலே பிள்ளைகள் கேட்கும் வினாக்களுள் ஒன்று, “எங்கள் ஊர் இங்கிருந்து எவ்வளவு தூரம்?” என்பதாகும். “விமானத்தில் ஒரு நாட் பயணம்” என்று பெற்றோர் விடை கூறுவர். பிள்ளை அவ்விடையை ஏற்றுக்கொண்டு தன் விளையாட்டுக்குத் திரும்பிவிடும். விடை கூறியவருக்கோ மனம் அவ்வளவு எளிதில் அமைவதில்லை. ஒரு நாட் பயணம் என்பது உண்மையாயின், பத்தாண்டுகளும் இருபதாண்டுகளும் பெற்ற தாயின் முகத்தைக் காணாது இந்நகரில் வாழ்ந்தோர் எத்தனை பேர்? ஒரு நாளில் முடியும் பயணத்துக்கு இருபது ஆண்டுகள் ஏன் சென்றன? இதற்கு விடை காணத் தேசப்படம் மட்டும் போதாது, சரித்திரமும் வேண்டும். அச்சரித்திரத்தை இக்கட்டுரையில் சுருக்கமாக எடுத்து நோக்குவோம்.

உருண்டையும் நூலும்

ஊரிலே பூகோளம் கற்பித்த காலத்தில், இரு நகரங்களுக்கிடையிலான மிகக் குறுகிய வழியைக் காட்டுவதற்குப் பூகோள உருண்டையின்மீது ஒரு நூலை இழுத்துப் பிடித்துக் காட்டுவது எமது வழக்கம். தட்டையான தேசப்படத்தில் நேர்க்கோடு போலத் தோன்றுவது உருண்டையில் நேர்வழி ஆகாது; இறுக்கிப் பிடித்த நூல் செல்லும் வழியே விமானங்கள் நாடும் வழியாகும்.

அந்நூலை ஓக்லாந்திலிருந்து பலாலிக்குப் பிடித்தால் அதன் நீளம் ஏறத்தாழ 11,100 கிலோமீற்றராகும். கொழும்புக்கு அருகேயுள்ள கட்டுநாயக்காவுக்குப் பிடித்தால் ஏறத்தாழ 10,900 கிலோமீற்றர். இடையில் தங்காது பறக்கும் விமானம் இவ்விரு நாடுகளுக்குமிடையில் இல்லை. எனவே எம்மவர் பெரும்பாலும் சிங்கப்பூரில் விமானம் மாறிச் செல்கின்றனர். ஓக்லாந்திலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 8,400 கிலோமீற்றர். சிங்கப்பூரிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 2,750 கிலோமீற்றர். இரண்டையும் கூட்டினால் 11,150 வருகின்றது. அதாவது, சிங்கப்பூரைச் சுற்றிச் செல்வதனால் நாம் மிகையாகப் பறக்கும் தூரம் 250 கிலோமீற்றர் மட்டுமே. விமானம் வானில் நிற்கும் நேரம் முதற் கட்டத்தில் பத்தரை மணி தொடக்கம் பதினொரு மணி வரை. இரண்டாம் கட்டத்தில் நான்கு மணிக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் பதினைந்து மணி நேரத்துக்குள் அடங்கிவிடும்.

ஆகவே பிள்ளைக்குக் கூறிய விடை கணக்கின்படி பிழையன்று. எனினும் இக்கணக்கு இவ்வாறு சுருங்கியமைக்கு நூற்றெண்பது ஆண்டுகள் சென்றன. அது சுருங்கிய அதே காலத்தில், எமது நாட்டுக்குள்ளே வேறொரு தூரம் நீண்டுகொண்டு சென்றது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலன்றி எமது கதை விளங்காது.

கப்பல் சுமந்த காலம்

நாம் இந்நாட்டுக்கு வருவதற்கு வெகு காலம் முன்னரே தமிழ் எழுத்து இங்கு வந்து சேர்ந்திருந்தது. கிறித்தவ சமய ஊழியராகிய வில்லியம் கொலென்சோ என்பார், 1836 அளவில், வங்கரே பகுதியில் மாவோரி மக்கள் உருளைக்கிழங்கு அவிக்கும் பாத்திரமாகப் பயன்படுத்திய ஒரு வெண்கல மணியைக் கண்டார். அம்மணியின் விளிம்பைச் சுற்றித் தமிழ் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. முகையதீன் வக்குசு என்பாரின் கப்பலுக்குரிய மணி என்பது அவ்வாசகத்தின் பொருள். இன்று அது வெலிங்டன் நகரிலுள்ள ‘தே பாப்பா’ தேசிய அருங்காட்சியகத்திற்கு உரியது. கடலோடித் தமிழ் முஸ்லிம் ஒருவரின் பெயர் இத்தீவின் அடுப்படிவரை வந்து சேர்ந்தமை எம் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தியாகும்.

ஐரோப்பியக் குடியேறிகளின் பாய்க்கப்பல்கள் பின்னர் வந்தன. 1842 ஒக்டோபரில், ‘ஜேன் கிஃபர்ட்’, ‘டச்சஸ் ஒவ் ஆர்கைல்’ என்னும் இரு கப்பல்கள் ஸ்கொத்லாந்துக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு ஓக்லாந்தை அடைந்தன. ஜூன் மாதத்தில் புறப்பட்டோர் கரையைக் கண்டபோது ஏறத்தாழ நான்கு மாதங்கள் கழிந்திருந்தன. அக்காலத்தில் இங்கு வந்தவர் மீண்டும் தம் ஊரைக் காண்பதென்பது பெரும்பாலும் நடவாத காரியம். புறப்படும் நாளிலேயே உறவினர் அழுது தீர்த்துவிடுவர். தூரம் ஒரு சிறு மரணம் போல இருந்த காலம் அது.

1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் நீராவிக் கப்பல்களின் பாதை இந்து சமுத்திரத்தின் நடுவே அமைந்தது. அணைகட்டித் திருத்தப்பட்ட கொழும்புத் துறைமுகம் அப்பாதையின் முக்கிய தரிப்பிடமாயிற்று. இலண்டனிலிருந்து அவுஸ்திரேலியாவுக்கும் அதற்கப்பாலும் செல்லும் பயணிகள் கொழும்பிலே இறங்கி ஒருநாள் உலாவிவிட்டுச் செல்வது வழக்கமாயிற்று.

கப்பற்காலத்தில் இவ்விரு தீவுகளுக்குமிடையிலான பயண நேரத்தை ஒரு நிகழ்ச்சியால் துல்லியமாக அறியலாம். முதலாம் உலகப் போரின் தொடக்கத்தில், 1914 ஒக்டோபர் 16ஆம் நாள், ஏறத்தாழ 8,500 நியூசிலாந்துப் படைவீரரை ஏற்றிய பத்துக் கப்பல்கள் வெலிங்டனிலிருந்து புறப்பட்டன. அவை அவுஸ்திரேலியாவின் ஹோபார்ட், அல்பனி ஆகிய துறைகளைத் தொட்டு, நவம்பர் 15ஆம் நாள் கொழும்பை அடைந்தன. தரிப்புகளையும் சேர்த்து முப்பது நாட்கள்.

அப்பயணத்தின் நடுவே நிகழ்ந்த ஒன்றை எம்மவர் அறிவர். ஆனால் அதன் தொடர்பை அறியார். துடிப்பும் துணிவும் மிக்க ஒருவனை “சரியான எம்டன்” என்று ஊரிலே சொல்வதுண்டல்லவா? 1914 செப்டெம்பர் 22ஆம் நாள் இரவு சென்னை நகரின்மீது குண்டு வீசிய ஜேர்மன் போர்க்கப்பலின் பெயரே ‘எம்டன்’. நவம்பர் 9ஆம் நாள் கொக்கோஸ் தீவுக்கருகில் அதனை முறியடித்த ‘சிட்னி’ என்னும் அவுஸ்திரேலியப் போர்க்கப்பல், மேற்சொன்ன நியூசிலாந்து வீரரின் கப்பல்களுக்குக் காவலாக வந்தவற்றுள் ஒன்றாகும். எமது பேச்சிலே நிலைத்துவிட்ட ஒரு சொல்லும் இந்நாட்டின் சரித்திரமும் ஒரே கடற்பாதையில் சந்தித்த கதை இது.

அக்காலத்தில் எமது பாட்டன்மாரும் கப்பலேறினர். புகையிரதப் பகுதியிலும் எழுதுவினைஞர் பதவிகளிலும் பணியாற்றுவதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றோர் பல்லாயிரவர். அவர்களுக்குக் கொழும்பிலிருந்து சிங்கப்பூர் ஐந்தாறு நாட் பயணம். அவர்களின் பயணம் முடிந்த இடம் எமக்குப் பாதிவழியாகிவிட்டது. எனினும் அவர்களுக்கு ஒரு பேறு இருந்தது. விடுமுறை கிடைத்தபோது ஊருக்கு வந்தனர். ஓய்வூதியம் பெற்றபின் ஊருக்கே திரும்பி வீடு கட்டி வாழ்ந்தனர். ‘மலாயாப் பென்சனியர்’ என்னும் சொல்லே திரும்பி வந்தோரைக் குறிக்கும் சொல்லாகும். எமக்கு அப்படியொரு சொல் வாய்க்கவில்லை.

வானில் ஏறிய காலம்

1928 செப்டெம்பரில், சார்ள்ஸ் கிங்ஸ்போர்ட் ஸ்மித்தும் அவர் குழுவினரும் சிட்னியிலிருந்து புறப்பட்டு, தஸ்மன் கடலை முதன்முதலில் வான்வழியே கடந்து கிறைஸ்ட்சேர்ச் நகரில் இறங்கினர். அதற்குப் பதினான்கரை மணி நேரமளவில் சென்றது. 1936 ஒக்டோபரில், நியூசிலாந்துப் பெண்மணியாகிய ஜீன் பற்றன் சிறு விமானமொன்றில் தன்னந்தனியே இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, 11 நாட்களும் 45 நிமிடங்களும் கழித்து மாங்கரேயில் வந்திறங்கினார். ஓக்லாந்து விமான நிலையத்தின் பன்னாட்டு முனையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

1940 ஏப்ரல் 30ஆம் நாள், ‘அவோதெயாரோவா’ என்னும் பெயருடைய பறக்கும் படகு, ஓக்லாந்தின் வைதெமாத்தா துறைமுக நீரிலிருந்து எழுந்து சிட்னியை நோக்கிப் பறந்தது. தஸ்மன் கடலுக்கு மேலான ஒழுங்கான பயணிகள் சேவை அன்றே தொடங்கிற்று. 2,160 கிலோமீற்றரைக் கடப்பதற்கு ஒன்பது மணி நேரமளவில் சென்றது. இன்று அதே வழிக்கு மூன்றரை மணி நேரமளவு போதும்.

இந்து சமுத்திரத்தை நேரே கடந்த கதை இன்னும் வியப்புக்குரியது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியர் கையில் வீழ்ந்ததும் அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்குமிடையிலான வான்வழி அறுந்தது. அதனை மீண்டும் இணைப்பதற்காக, 1943 நடுப்பகுதி தொடக்கம் 1945 ஜூலை வரை, குவான்ராஸ் நிறுவனத்தின் ‘கற்றலினா’ பறக்கும் படகுகள் பேர்த் நகரிலிருந்து இலங்கையின் காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை வாவிக்குப் பறந்தன. இடையில் தரிப்பிடம் இல்லை. தூரம் ஏறத்தாழ 6,500 கிலோமீற்றர். பயண நேரம் 27 மணி தொடக்கம் 33 மணி வரை. எதிரியின் கண்ணிற் படாதிருக்க வானொலியை மௌனமாக்கி, விண்மீன்களைப் பார்த்தே திசையறிந்து பறந்தனர். பெற்றோலின் பாரத்தால் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற இயலவில்லை. ஒரே பயணத்தில் இருமுறை சூரியோதயத்தைக் கண்டமையால் அதற்கு ‘இரட்டைச் சூரியோதயம்’ என்றே பெயர் வந்தது. அப்படகுகள் 271 முறை அக்கடலைக் கடந்தன.

பின்னர் ஜெற் விமானங்கள் வந்தன. மாங்கரே விமான நிலையம் 1965 நவம்பரில் பயன்பாட்டுக்கு வந்து, 1966 ஜனவரியில் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. எம்மவர் பலர் இந்நாட்டு மண்ணில் முதலிற் கால் வைத்த இடம் அதுவே. டுபாயிலிருந்து 2016 மார்ச்சிலும், டோகாவிலிருந்து 2017 பெப்ரவரியிலும் இடைத்தங்கலின்றி ஓக்லாந்துக்கு விமானங்கள் வரத் தொடங்கின. டோகாவுக்கும் ஓக்லாந்துக்கும் இடையே 14,500 கிலோமீற்றருக்கு மேல். பதினாறு பதினேழு மணி நேரப் பறப்பு. 2022 செப்டெம்பரில் நியூயோர்க்குக்கும் நேரடிச் சேவை தொடங்கியது. யாழ்ப்பாணத்தைவிடத் தொலைவிலுள்ள நகரங்களை விமானங்கள் ஒரே மூச்சில் எட்டிவிட்டன. 2017 ஒக்டோபர் தொடக்கம் கொழும்பிலிருந்து மெல்பேணுக்கும் நேரடி விமானம் பறக்கலாயிற்று.

நான்கு மாதம் முப்பது நாளாகி, முப்பது நாள் பதினொரு நாளாகி, பதினொரு நாள் ஒரு நாளாகிவிட்டது. இது உலகத்தின் கணக்கு. இனி எமது கணக்கைப் பார்ப்போம்.

கடைசி நானூறு கிலோமீற்றர்

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் தரைவழியே ஏறத்தாழ 400 கிலோமீற்றர். 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை கொழும்புடன் இணைந்தது. 1956 ஏப்ரலில் ‘யாழ்தேவி’ ஓடத் தொடங்கியது. காலையிற் கொழும்புக் கோட்டையில் ஏறியவர் பிற்பகலில் யாழ்ப்பாணத்தில் இறங்கினார். இரவுத் தபால் வண்டியில் ஏறியவர் விடியற்காலையிலே வீட்டு வாசலில் நின்றார். வான்வழியும் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய வான்படைக்கென அமைக்கப்பட்ட பலாலித் தளம் போருக்குப் பின் குடிமக்களுக்குப் பயன்பட்டது. 1947 டிசெம்பர் 10ஆம் நாள், எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து எழுந்து, பலாலியைத் தொட்டே சென்னைக்குச் சென்றது. இலங்கையின் தேசிய விமானச் சேவை தன் முதல் நாளிலேயே யாழ்ப்பாணத்தில் இறங்கியது என்பதை எம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. நெடுஞ்சாலை மூடப்பட்டது. பலாலியைச் சூழவிருந்த வலிகாமம் வடக்குக் கிராமங்களின் மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினர். அதன்பின் கொழும்புக்குச் செல்ல விரும்பியவர் கிளாலிக் கடலேரியை இருளிலே சிறுவள்ளத்தில் கடக்க நேர்ந்தது. அக்கடலேரியில் உயிரிழந்த பயணிகள் பலர். புறப்படுவதற்கு ஒரு பக்கத்தில் ‘பாஸ்’ வேண்டும்; போய்ச் சேர்வதற்கு மறுபக்கத்தில் பாதுகாப்பு அனுமதி வேண்டும். யாழ்தேவி ஒரு பகற்பொழுதில் முடித்த வழி பல நாட்களாகவும் வாரங்களாகவும் நீண்டது.

இவ்வரிசையில் மறக்க வொண்ணாத நாள் 1995 ஒக்டோபர் 30. அன்று வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். யாழ் நகரிலிருந்து சாவகச்சேரி ஏறத்தாழ 16 கிலோமீற்றர். பேருந்தில் அரைமணிப் பயணம். அன்றிரவு மழையில், நாவற்குழிப் பாலத்தின் நெரிசலில், முதியோரைத் தாங்கியும் குழந்தைகளைத் தூக்கியும் சென்றோருக்கு அத்தூரம் முழு இரவாயிற்று. பலருக்கு மறுநாளும் சென்றது. அதே இரவில் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட விமானமொன்று 8,400 கிலோமீற்றரைக் கடந்து ஓக்லாந்தில் இறங்க, நாவற்குழிப் பாலத்தைக் கடந்த மூதாட்டி இன்னும் சாவகச்சேரியைக் கண்டிருக்க மாட்டார். இவ்விரு பயணங்களையும் ஒரே அளவுகோலால் அளக்க எந்தப் பூகோள நூலும் எமக்குக் கற்பிக்கவில்லை.

பின்னர் இரத்மலானைக்கும் பலாலிக்குமிடையே தனியார் விமானங்கள் பறந்தன. 1998 செப்டெம்பர் 29ஆம் நாள் பலாலியிலிருந்து புறப்பட்ட ‘லயன் எயார்’ விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். 2002இல் போர் ஓய்ந்து ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது எம்மவர் பலர் முதன்முறையாக ஊர் சென்றனர். அவ்வீதியிலே நேரமும் இரண்டாகப் பிரிந்திருந்தது. 1996இல் அரசாங்கம் மாற்றிய கடிகார நேரத்தை வன்னியில் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆகவே ஓமந்தையைத் தாண்டியதும் கைக்கடிகாரத்தை அரைமணி நேரம் பின்னுக்குத் திருப்ப வேண்டியிருந்தது. 2006 ஏப்ரலில் அரசு பழைய நேரத்துக்கே திரும்பியது. அவ்வாண்டு ஓகஸ்டில் வீதியே மீண்டும் மூடப்பட்டது. போர் முடிந்த 2009க்குப் பின்னரே அது திறந்தது. யாழ்தேவி யாழ்ப்பாணத்தை மீண்டும் அடைந்தது 2014 ஒக்டோபரில். இருபத்துநான்கு ஆண்டுகளாகப் புகையிரதத்தைக் காணாத ஒரு தலைமுறை அங்கே வளர்ந்து விட்டிருந்தது.

பத்திரத்தின் தூரம்

இது வழியின் கதை. வழி திறந்திருந்த காலத்திலும் எம்மைத் தடுத்து நிறுத்தியது வேறொன்று உண்டு. அது எமது கையிலிருந்த பத்திரம்.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் நியூசிலாந்து 1960இல் இணைந்தது. அவ்வுடன்படிக்கையின்படி, அகதியாக ஏற்கப்பட்டவருக்குப் பயணப் பத்திரம் வழங்கப்படும். உலகின் பிற நாடுகளுக்கு அப்பத்திரத்துடன் செல்லலாம். எந்நாட்டிலிருந்து தப்பி வந்தாரோ அந்நாட்டுக்கு மட்டும் அது செல்லாது. இதன் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. உயிருக்கு அஞ்சி வந்தவரை அதே இடத்துக்குச் செல்ல விடாதிருப்பது அவரைக் காப்பதற்கான ஏற்பாடே. ஆயினும் அதன் விளைவை எண்ணிப் பாருங்கள். அப்பத்திரத்தை வைத்திருப்பவருக்கு இலண்டன் ஒன்றரை நாள். தொறொன்ரோ ஒரு நாள். யாழ்ப்பாணத்துக்கோ நேரமே இல்லை.

இந்நாட்டுக் குடியுரிமை பெற்றபின்னரே நம்மவர் சாதாரணக் கடவுச்சீட்டுடன் புறப்பட இயன்றது. முன்னர் அதற்கு மூன்றாண்டு வதிவிடம் வேண்டியிருந்தது. 2005 ஏப்ரல் முதல் அது ஐந்தாண்டாயிற்று. அகதி விண்ணப்பம் தீர்க்கப்படுவதற்கும் நிரந்தர வதிவிடம் கிடைப்பதற்கும் காத்திருந்த காலம் இதற்கு முன்னே நிற்கின்றது. ஆகவே எம்மவருள் ஒருவரது ஓக்லாந்து–யாழ்ப்பாணப் பயண நேரத்தை நேர்மையாகக் கணக்கிட்டால், பதினைந்து மணி நேரப் பறப்போடு ஆறேழு ஆண்டுகளையும் கூட்டியெழுத வேண்டும்.

வந்த வழியும் நேர்வழியன்று. 1980களிலே கிழக்கு பேர்ளின் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து மேற்கு பேர்ளினுக்குள் நுழைந்து தஞ்சம் கேட்டோர் பலர். 1986 ஓகஸ்டில், ஜேர்மனியிலிருந்து கப்பலேறிய 155 தமிழர், கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் இரு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்தபோது மீனவரால் மீட்கப்பட்டனர். இந்நகரில் வாழ்வோருள்ளும் மூன்று நான்கு நாடுகளில் தங்கி, ஈராண்டு மூவாண்டு கழித்து வந்தோர் உளர். விமானங்கள் நூல் பிடித்த வழியே செல்கின்றன. அகதியோ கதவு திறந்த வழியே செல்கின்றான்.

எட்டும் அந்தியேட்டியும்

எமது வழக்கில் பயண நேரத்தை உணர்த்தும் நாழிகை மரணமே. ஓக்லாந்தில் நண்பகலாகும்போது ஊரில் காலை 5.30, இங்கு கோடைகால நேரம் நடைபெறும் மாதங்களில் 4.30. எனவே ஊரில் இரவில் நேரும் இழப்பு எமக்குக் காலையிலே தொலைபேசியில் வந்து சேர்கின்றது. ஊரில் பிரேதத்தை நெடுநாள் வைத்திருப்பதில்லை. ஓரிரு நாளில் தகனம் நிறைவேறிவிடும். உடனே சீட்டுப் பெற்று அன்றிரவே புறப்பட்டாலும், சிங்கப்பூரிற் காத்திருந்து, கொழும்பில் இறங்கி, தரைவழியே ஊரை அடைவதற்குள் பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும். எட்டுச் செலவுக்குப் போய்ச் சேரலாம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு உறுதியாகப் போகலாம். விமானம் எவ்வளவு விரைந்தாலும் கொள்ளி வைக்கும் நேரத்தை எட்டுவது அரிது என்பதை இந்நகரின் எத்தனையோ மூத்த மைந்தர் அறிவர்.

பத்திரம் இல்லாதிருந்த காலத்திலோ அந்தியேட்டியும் இல்லை. இந்நகரின் கடற்கரைகளில் நின்று, அந்நீரும் ஊரின் நீரும் ஒன்றே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, தாய் தந்தையருக்குச் செய்யவேண்டியதைச் செய்து முடித்தோர் எம்மிடையே வாழ்கின்றனர். அவர்களது துயரம் எந்தப் பயண அட்டவணையிலும் எழுதப்படவில்லை.

இப்போது திறந்துள்ள கதவு

2019 ஒக்டோபர் 17ஆம் நாள் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் சென்னைக்கான சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றினால் நின்ற அச்சேவை, 2022 டிசெம்பரில் மீண்டும் ஆரம்பமாயிற்று. 1947இல் முதல் விமானம் சென்ற அதே வான்வழி, நீண்ட இடைவெளியின் பின் மீண்டும் உயிர் பெற்றது. சென்னைக்கும் பலாலிக்கும் இடையே ஏறத்தாழ 355 கிலோமீற்றர். பறப்பு நேரம் ஒன்றேகால் மணியளவு.

ஆகவே ஓக்லாந்தில் ஏறி, சிங்கப்பூரிலும் சென்னையிலும் விமானம் மாறி, கொழும்பைக் காணாமலே பலாலியில் இறங்கலாம். மொத்தத் தூரம் ஏறத்தாழ 11,700 கிலோமீற்றர். நூல் பிடித்த நேர்வழியைவிட 600 கிலோமீற்றர் மட்டுமே மிகை. கொழும்பு வழியாகச் செல்வோர் ஒன்றைக் கவனிக்கலாம். சிங்கப்பூரிலிருந்து வங்கக் கடலைக் கடந்து 2,750 கிலோமீற்றர் வருவதற்கு நான்கு மணி நேரம். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியே செல்ல ஆறேழு மணி நேரம். கடைசி நானூறு கிலோமீற்றர் இன்றும் நீளமானதே. ஆயினும் இன்று அதனை நீளமாக்குவது வீதியும் வாகனமும் மட்டுமே, அச்சமன்று. வலிகாமம் வடக்கில் மக்களின் காணிகள் பல்லாண்டு கழித்துப் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. விமானம் தாழும்போது யன்னல் வழியே தெரியும் அம்மண்ணைப் பார்ப்போர் இதனை மறத்தலாகாது.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய விடை

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். “எங்கள் ஊர் எவ்வளவு தூரம்?” என்று பிள்ளை கேட்டால் 11,100 கிலோமீற்றர் என்றும், ஒரு நாட் பயணம் என்றும் சொல்லுங்கள், அதனோடு நிறுத்திவிடாதீர்கள். “நானும் அம்மாவும் வர இத்தனை ஆண்டு சென்றது, இன்ன இன்ன நகரங்களில் இத்தனை நாள் காத்திருந்தோம்” என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லையேல், ஒரு நாளில் செல்லக்கூடிய ஊருக்குப் பெற்றோர் ஏன் போகாதிருந்தனர் என்று பிள்ளை பிற்காலத்தில் தானாகவே ஒரு விடையைக் கற்பனை செய்துகொள்ளும். பாசமில்லாமையாற் போகவில்லை என்று அது எண்ணிவிட்டால், அப்பிழையைத் திருத்த அப்போது நாம் இருக்கமாட்டோம்.

ஆதலால் இவ்வாசகர்களிடம் எமது வேண்டுகோள் ஒன்று உண்டு. ஒவ்வொரு குடும்பமும் ஒரு பயிற்சிக் கொப்பியை எடுத்து, தாம் வந்த வழியை எழுதி வைக்கட்டும். ஊரை விட்ட நாள், கடலேரியைக் கடந்த இரவு, கொழும்பில் தங்கிய விடுதி, இடையில் நின்ற நாடுகள், ஓக்லாந்தில் இறங்கிய நாள், குடியுரிமை பெற்ற நாள், முதன்முறை ஊர் திரும்பிய நாள் ஆகியவற்றைத் திகதியுடன் குறிப்பிடுங்கள். பழைய விமானச் சீட்டுகளையும் வான்கடிதங்களையும் எறிந்துவிடாதீர்கள். வீட்டில் எண்பது வயதைக் கடந்த முதியவர் இருப்பின் முதலில் அவரிடம் கேட்டு எழுதுங்கள். அவர் சொல்லும் ஊர்ப் பெயர்களைப் பிள்ளையின் கையாலேயே தமிழில் எழுதச் செய்யுங்கள்.

ஜேன் கிஃபர்ட் கப்பலில் வந்தோரின் பெயர்களையும் அவர்கள் கடலிற் கழித்த நாட்களையும் இந்நாட்டவர் எழுதிப் பேணி வைத்துள்ளனர். எமது பயணங்களை எமக்காக வேறெவரும் எழுதப் போவதில்லை. இந்தக் கிழமை இறுதியிலேயே கொப்பியை எடுத்து முதற் பக்கத்தைத் தொடங்குங்கள்.